நீதிபதி நடத்திவைத்தும் செல்லாமல் போன கல்யாணங்கள்: பிலிப்பைன்ஸ் திருமண உரிமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸில் பாதிரியார்களுக்கும் மேயர்களுக்கும் இருப்பதுபோலவே நீதிபதிகளுக்கும் கல்யாணம் நடத்திவைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் மணமக்கள் முன்கூட்டியே திருமண உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமலே கல்யாணத்தை நடத்திவைத்து அபராதம் கட்டிய நீதிபதிகள், பணியிடை நீக்கம் ஆனவர்கள், வேலையையே இழந்தவர்கள் அங்கே பலர். செய்திகளில் நீதிபதிக்கு என்ன தண்டனை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மேஜையில் கையெழுத்துப் போட்டு, தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆனது? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. இந்தப் பதில்களையும் அந்த இடத்தில் நின்றே எழுதியிருக்கிறேன்.

திருமண உரிமம் என்பதும் திருமணப் பதிவும் ஒன்றுதானா?

இல்லை. பதிவு என்பது கல்யாணம் முடிந்த பிறகு நடப்பது. உரிமம் கல்யாணத்துக்கு முன்பே வாங்க வேண்டியது. 1988 ஆகஸ்ட் 3 முதல் நடப்பில் இருக்கும் பிலிப்பைன்ஸ் குடும்பச் சட்டத்தின்படி, மணமகனோ மணமகளோ வழக்கமாக வசிக்கும் ஊரின் சிவில் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் அந்த விவரத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் தொடர்ந்து 10 நாள் ஒட்டிவைப்பார். "இவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள்", "இந்தப் பெண்ணுக்கு இன்னும் வயது ஆகவில்லை" என்று சொல்ல யாராவது இருந்தால், சொல்வதற்கான காலம் அதுதான். வயது 18-லிருந்து 21-க்குள் இருந்தால் பெற்றோரின் சம்மதமும், 21-லிருந்து 25-க்குள் இருந்தால் பெற்றோரின் ஆலோசனையும் கேட்கப்படும். கையில் கிடைத்த உரிமம் 120 நாள் செல்லும். நாட்டின் எந்த மூலையிலும் அதை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

பத்து நாள் காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஏமாற்றப்படவிருக்கும் ஒருவருக்கு உண்மை தெரியவர அந்தச் சட்டம் கொடுக்கும் வாய்ப்பு அந்தப் பத்து நாள்தான்.

உரிமம் இல்லாமல் நடந்தால் கல்யாணம் செல்லுமா?

செல்லாது. பின்னால் யாரோ வழக்குப் போட்டு ரத்து செய்யும்வரை செல்லும் என்றும் இல்லை. தொடக்கத்திலிருந்தே அப்படி ஒரு கல்யாணம் நடக்கவில்லை என்பதே சட்டத்தின் பார்வை.

சட்டம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: நடத்திவைப்பவருக்கு அதிகாரம், செல்லத்தக்க உரிமம், சடங்கு. இவற்றில் ஒன்று அறவே இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. ஒன்றைச் செய்த விதத்தில் மட்டும் ஒழுங்கீனம் இருந்தால் கல்யாணம் நிற்கும், தவறு செய்தவர் பதில் சொல்ல வேண்டும். உதாரணமாக, ஒரு நீதிபதி தன் அதிகார எல்லையைத் தாண்டி வேறு ஊரில் போய்க் கல்யாணம் நடத்திவைத்தால் அது ஒழுங்கீனம் என்றுதான் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. அதற்கு நீதிபதிக்குத் தண்டனை உண்டு, தம்பதிக்குப் பாதிப்பில்லை. உரிமம் இல்லாமல் நடத்திவைத்தாலோ அடி முதலில் விழுவது தம்பதியின் தலையில்.

"எங்களுக்குத் தெரியாது, நீதிபதியை நம்பினோம்" என்று சொன்னால்?

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. நடத்திவைத்தவருக்கு அதிகாரம் இல்லை என்று தெரியாமல், அதிகாரம் உண்டென்று மனதார நம்பியிருந்தால் சட்டம் அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றும். அந்தச் சலுகை அதிகாரத்துக்கு மட்டும்தான். உரிமம் இல்லாத குறையை எந்த நல்லெண்ணமும் சரிசெய்யாது. போலிப் பாதிரியாரை நம்பியவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, உண்மையான நீதிபதியை நம்பி உரிமம் இல்லாமல் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கிடைக்காது. படிக்கப் படிக்க மனது ஆறாத முரண் இது.

உண்மையில் இப்படி ஏமாந்தவர்கள் உண்டா?

உண்டு. 2000 பிப்ரவரி 17 அன்று கமரீனஸ் சூர் மாகாணத்தின் நபுவா ஊரில் ஒரு கல்யாணம் நடந்தது. நடத்திவைத்தவர் சல்வடோர் ஓக்சியானோ. அவர் பக்கத்து ஊரான பலாட்டானின் நகராட்சி நீதிபதி. நபுவா அவர் எல்லைக்குள் வராது. மணமகனால் நடக்க முடியவில்லை, 25 கிலோமீட்டர் பயணத்தை அவர் உடம்பு தாங்காது என்று சொன்னதால் தானே புறப்பட்டு வந்ததாக நீதிபதி பின்னால் விளக்கம் கொடுத்தார்.

தொடங்கும் முன் காகிதங்களைப் பார்த்தபோது உரிமம் இல்லை என்பது தெரிந்தது. முதலில் மறுத்தார். ஆனால் விருந்தினர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், சாப்பாட்டுச் சாமான் வந்து இறங்குகிறது, மணமக்கள் கெஞ்சுகிறார்கள். அன்றே மதியம் உரிமத்தைக் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். இரக்கப்பட்டு நடத்திவைத்தார். உரிமம் வரவே இல்லை.

மணமகன் கடற்படையில் கொமடோர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், சொத்துபத்து உள்ளவர். அவர் இறந்த பிறகுதான் அந்தக் கல்யாணம் செல்லாததன் விளைவு அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. சொத்தில் பங்கில்லை. ஓய்வூதியம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவள் யாருடைய மனைவியும் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். அவர்கள் ஜனவரி 5-ஆம் தேதியே உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஜனவரி 17 அன்று உரிமம் தரப்படும் என்று அதில் முத்திரையும் குத்தியிருந்தது. போய் வாங்க ஆளில்லை. கல்யாணத்துக்கு முந்தின ஒரு மாதத்தில் யாராவது ஒரு நடை போயிருந்தால் போதும். "உரிமம் இல்லாமல் முடியாது, வாங்கிக்கொண்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று நீதிபதி உட்கார்ந்திருந்தால்கூடப் போதும்.

மணமக்களே கெஞ்சிக் கேட்டிருக்கிறார்களே, நீதிபதியை மட்டும் குறை சொல்வது நியாயமா?

அந்தப் பெண்ணே பின்னால் புகாரைத் திரும்பப் பெற்றாள். நீதிபதி முதலில் மறுத்தார், நான்தான் வற்புறுத்தினேன், கோபத்தில் புகார் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தாள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிபதியின் ஒழுக்கம் பற்றிய விசாரணை புகார் கொடுத்தவரின் மனமாற்றத்தோடு முடிந்துபோகிற விஷயமில்லை என்றது. 2002 ஏப்ரலில் வந்த தீர்ப்பில் 5,000 பெசோ அபராதமும் கடுமையான எச்சரிக்கையும் கொடுத்தது. ஒருவருக்குக் கல்யாணம் நடத்திவைக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதே உரிமம்தான், அது இல்லாமல் செய்தது சட்டம் தெரியாத பெரும் பிழை என்பது தீர்ப்பின் சாரம்.

எனக்கும் அதே எண்ணம்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அவசரப்படாமல் இருக்க வேண்டிய ஒரே ஆள் நீதிபதி. சட்டம் தெரிந்தவர் என்பதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். அவர் இரக்கம் அன்று ஒரு விருந்தைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு வந்த வருடங்களை அந்தப் பெண் தனியாகச் சுமந்தாள்.

உரிமம் தேவைப்படாத கல்யாணங்களே கிடையாதா?

உண்டு, சில. மரணப் படுக்கையில் இருப்பவர், பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வண்டி வசதியே இல்லாத ஒதுக்குப்புறத்தில் வாழ்பவர், தங்கள் வழக்கப்படி மணம் செய்துகொள்ளும் முஸ்லிம்களும் பழங்குடிச் சமூகத்தினரும் ஆகியோருக்கு விலக்கு இருக்கிறது. இன்னொரு விலக்கைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது ஐந்து வருடம் கணவன் மனைவியாகவே சேர்ந்து வாழ்ந்துவிட்டவர்கள், அதை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தால் உரிமம் வேண்டாம். குடும்பச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு அது.

அந்த ஐந்து வருட விலக்கில் என்ன சிக்கல்?

அதன் நோக்கம் நல்லது. வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்பவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டி அவர்களைக் கூச்சப்படுத்த வேண்டாம் என்பதுதான். ஆனால் பத்து நாள் காத்திருக்க விரும்பாதவர்களுக்கு அது குறுக்குவழி ஆகிவிட்டது.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1986 நவம்பரில் கல்யாணம். ஐந்து வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று பத்திரம். உண்மையில் அவர்கள் ஒன்றாக வாழத் தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பத்திரம் பொய் என்றால் விலக்கு இல்லை, விலக்கு இல்லையென்றால் உரிமம் இல்லாத கல்யாணம், ஆகவே செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதைவிடக் கொடியது. ஒருவர் தன் மனைவியைச் சுட்டு, அவள் 1985 ஏப்ரலில் இறந்துபோனாள். அடுத்த 20 மாதத்தில் அவர் இன்னொரு பெண்ணை உரிமம் இல்லாமல் மணந்தார். ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தோம் என்று பத்திரம். மனைவி உயிரோடு இருந்த காலத்தை அதில் எப்படிச் சேர்க்க முடியும்? அந்த ஐந்து வருடமும் கல்யாணத்துக்கு உடனடியாக முந்தியதாக, மூன்றாம் ஆளின் உரிமை குறுக்கிடாததாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் முதல் மனைவியின் பிள்ளைகள். அதுவும் அப்பா இறந்த பிறகு. செல்லாத கல்யாணத்தை ஒருவர் இறந்த பின்னும் கேள்வி கேட்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது.

நீதிபதிகளும் இதில் மாட்டியிருக்கிறார்கள். பங்கசினான் மாகாணத்தின் இன்ஃபான்டா ஊரில் ரோக்கே சான்செஸ் என்ற நீதிபதி, ஆளுக்கொரு துணையைப் பிரிந்து வாழ்ந்த இருவருக்குக் கல்யாணம் நடத்திவைத்தார். இருவருமே "பிரிந்திருப்பவர்கள்" என்று காகிதத்திலேயே எழுதியிருந்தது. பிரிந்து வாழ்வது வேறு, கல்யாணம் முறிவது வேறு. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் முந்தைய கல்யாணம் என்ற தடை கரைந்துபோகாது. 2001-இல் அவருக்கு 20,000 பெசோ அபராதம்.

செபு நகர விவகாரம் என்ன?

மற்றவை ஒரு நீதிபதி, ஒரு கல்யாணம் என்ற அளவில் நடந்தவை. செபுவில் அது தொழிலாகவே நடந்தது.

2007 ஜூலையில் நீதிமன்ற நிர்வாக அலுவலகத்தின் தணிக்கைக் குழு செபு நகர நீதிமன்ற வளாகத்துக்குப் போனது. குழுவில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞரும் ஓர் ஆண் வழக்கறிஞரும் கல்யாணம் செய்துகொள்ள வந்த ஜோடிபோல நடித்தார்கள். உள்ளே இருந்த ஒரு பெண் தரகர் வேகமாக முடித்துத் தர முடியும், 3,000 பெசோ ஆகும், உரிமம் கையில் வரும் தேதியைச் சான்றிதழில் போட்டுக்கொள்ளலாம் என்று உறுதி கொடுத்தார்.

அப்புறம் கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். 643 திருமணச் சான்றிதழ்களில் 280 கல்யாணங்கள் 34-ஆவது பிரிவின் கீழ், அதாவது உரிமம் இல்லாமல் நடந்திருந்தன. ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்ததாகச் சொன்ன சிலர், கணக்குப் பார்த்தால், அந்த வாழ்க்கையைத் தொடங்கும்போது சிறு வயதுப் பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும். உரிமத்தோடு நடந்தவற்றிலும் லிலோவான், பாரிலி என்ற இரண்டு ஊர்களின் உரிமங்களே திரும்பத் திரும்ப வந்தன. உரிமம் கொடுத்த அதே நாளில் கல்யாணமும் முடிந்திருந்தது. வெளிநாட்டவர்கள், மணம் செய்யத் தகுதி உண்டு என்று தங்கள் தூதரகம் தர வேண்டிய சான்றுக்குப் பதிலாக வெறும் உறுதிமொழியைக் கொடுத்திருந்தார்கள். இதெல்லாம் கோப்பின் முதல் பக்கத்திலேயே கண்ணில் படுகிற விஷயங்கள்.

2013 ஏப்ரல் 2 அன்று தீர்ப்பு வந்தது. அனட்டாலியோ நெசஸாரியோ, கில் அகோஸ்டா, எட்ஜெமெலோ ரொசாலஸ் ஆகிய மூன்று நீதிபதிகளும் ஓய்வுக்காலப் பலன்களை இழந்து பணிநீக்கம் ஆனார்கள். நான்காமவரான ரோசபெல்லா டோர்மிஸ் வேறொரு வழக்கில் அதற்கு முன்பே பணிநீக்கம் ஆகியிருந்தார். நீதிமன்ற ஊழியர்கள் சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். காகிதங்கள் மேலோட்டமாகச் சரியாக இருந்தன, உள்ளே போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில்லை என்ற வாதம் எடுபடவில்லை. கண் முன்னே சந்தேகம் நிற்கும்போது கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவதற்கு நீதிபதி எதற்கு? ரப்பர் முத்திரை ஒன்று போதுமே.

உறுதிமொழிப் பத்திரத்தை அதே நீதிபதி சான்றளிக்கலாமா?

கூடாது. பாகோலோட் நகர நீதிபதி ரெமெகியோ ரோஹோ, தான் நடத்திவைத்த கல்யாணங்களுக்கான ஒன்பது உறுதிமொழிப் பத்திரங்களுக்குத் தானே நோட்டரியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். 2014-இல் ஆறு மாதம் பணியிடை நீக்கம். ஐந்து வருடக் கதை உண்மையா என்று சரிபார்க்க வேண்டியவரே அந்தக் கதைக்குச் சான்று கொடுத்துவிட்டால், அப்புறம் சரிபார்க்க ஆள் ஏது?

பொதுவாக நீதிபதிகளுக்கு என்ன தண்டனை கிடைக்கிறது?

சீரான அளவு இல்லை. தினம்பாக் ஊர் நீதிபதி லூசியோ பலாய்பாயோன் உரிமம் இல்லாமல் கல்யாணங்களை நடத்திவைத்துவிட்டு, உரிமம் பின்னால் வரும் என்று சான்றிதழில் தேதியும் கையெழுத்தும் இல்லாமல் வைத்திருந்தார். புகார் கொடுத்தது அவர் நீதிமன்ற ஊழியர்களே. 1994-இல் அவருக்கு 20,000 பெசோ அபராதம். வேறு முறைகேடுகளிலும் சிக்கிய தலைமை எழுத்தருக்கு வேலையே போயிற்று. சூரிகாவ் டெல் நோர்ட்டே மாகாண நீதிபதி எர்னாண்டோ டொமக்டோய், முதல் மனைவி கிட்டத்தட்ட ஏழு வருடமாகக் காணவில்லை என்ற பத்திரத்தை நம்பி ஒருவருக்கு இரண்டாம் கல்யாணம் நடத்திவைத்தார். காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட நீதிமன்ற ஆணை வேண்டும், அது இல்லை. எல்லை தாண்டியும் ஒரு கல்யாணம் நடத்தியிருந்தார். 1996-இல் ஆறு மாதம் பணியிடை நீக்கம்.

குற்றவியல் சட்டமும் இருக்கிறது, ஆனால் பல்லில்லாதது. சட்டவிரோதமாகக் கல்யாணம் நடத்திவைப்பதைத் தண்டிக்கும் பிரிவின் கீழ் 2014-இல் தண்டனை உறுதியான ஒருவர் நீதிபதி அல்ல, அக்லிபாயன் என்ற தனிக் கிறிஸ்தவ சபையின் பாதிரியார். உரிமம் இல்லை என்று கத்தோலிக்கக் கோயிலில் திருப்பி அனுப்பிய ஜோடிக்கு அதே நாளில் சடங்கு செய்தார். வெறும் ஆசீர்வாதம்தான் என்று வாதாடினார். அபராதம் 200 பெசோ.

5,000 பெசோ அபராதம் கட்டிவிட்டு நீதிபதி மறுநாள் நாற்காலிக்குத் திரும்பலாம். நபுவாவின் அந்த விதவைக்குத் திரும்பிப் போக இடமில்லை. செபு தீர்ப்பின் கடுமையைத்தான் நான் சரியான அளவு என்று நினைக்கிறேன்.

சான்றிதழில் உரிம எண் எழுதியிருந்தால் கவலை இல்லையா?

இருக்கிறது. 1970-இல் பாசாய் நகரில் ஒரு நீதிபதி முன்னால் நடந்த கல்யாணத்தின் சான்றிதழில், பாசிக் ஊர்ப் பதிவாளர் கொடுத்ததாக ஓர் உரிம எண் இருந்தது. பின்னால் தேடியபோது அப்படி ஓர் உரிமம் பதிவேட்டிலேயே இல்லை. முறையாகத் தேடியும் கிடைக்கவில்லை என்று பதிவாளர் கொடுக்கும் சான்றே போதுமான ஆதாரம் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, கல்யாணம் செல்லாது என்றது.

பிள்ளைகள், சொத்து?

செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள், ஒருசில விதிவிலக்குகள் தவிர, சட்டப்படி முறைசாராப் பிள்ளைகள். வாரிசுரிமையில் முறைப்படி பிறந்த பிள்ளைக்குக் கட்டாயமாகச் சேர வேண்டிய பங்கில் பாதிதான் அவர்களுக்கு. மணம் செய்யத் தடையில்லாத இருவர் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் உழைத்துச் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது. ஆனால் துணைவருக்கு உரிய வாரிசுப் பங்கு கிடையாது.

நடந்தது நடந்துவிட்டது, பிறகு உரிமம் வாங்கினால் சரியாகிவிடாதா?

ஆகாது. பழைய சடங்குக்குப் புது உரிமம் உயிர் கொடுக்காது. முறையாக உரிமம் வாங்கி மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். முதலில் மணம் செய்துகொள்ளத் தடை இல்லாதவர்களாக இருந்தால், பிள்ளைகளுக்கும் அதன் மூலம் முறையான தகுதி கிடைக்கும். இருவரும் உயிரோடும் மனமொத்தும் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

வேறொருவரை மணக்க நினைத்தால், "அதுதான் செல்லாத கல்யாணமாயிற்றே" என்று தானே முடிவு செய்துகொள்ளக் கூடாது. செல்லாது என்ற தீர்ப்பை முதலில் நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். அப்படி வாங்காமல் மறுமணம் செய்தவர்கள் மீது இருதார மணக் குற்றச்சாட்டு வந்திருக்கிறது. முதல் கல்யாணம் செல்லாதது என்பதை அந்தக் குற்ற வழக்கில் எதிர்வாதமாக வைக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. ஆனாலும் மறுமணத்துக்குத் தீர்ப்பு வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. பொதுவான விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் புகார் கொடுக்கலாம்?

பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. எல்லா நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றத்தின் நிர்வாகக் கண்காணிப்பில் இருப்பதால், உறுதிமொழியோடு எழுதிப் புகார் கொடுத்தால் போதும். தினம்பாக்கில் கொடுத்தவர்கள் ஊழியர்கள். சூரிகாவில் டாபா ஊர் மேயர்.

நீதிபதி முன்னால் மணம் செய்துகொள்பவர்கள் என்ன பார்க்க வேண்டும்?

உரிமத்தை நீங்களே நேரில் போய் வாங்குங்கள். தரகரிடமோ உறவினரிடமோ விடாதீர்கள். உங்கள் இருவரில் ஒருவர் வசிக்கும் ஊரின் பதிவாளர் கொடுத்ததா, 120 நாள் தாண்டவில்லையா என்று பாருங்கள். வாழாத ஐந்து வருடத்தை வாழ்ந்ததாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "இப்போது சடங்கு, உரிமம் நாளைக்கு" என்று யார் சொன்னாலும், கறுப்பு அங்கி போட்டவரே சொன்னாலும், கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள். சமைத்த சாப்பாட்டை வந்தவர்களுக்குப் போட்டு அனுப்பிவிடலாம்.

கல்யாணம் முடிந்ததும் சான்றிதழில் உங்களுக்கு உரிய பிரதியை அங்கேயே கேட்டு வாங்குங்கள். சமர் மாகாணத்தில் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பவிருந்த ஒரு பெண்ணுக்கு 1997-இல் நீதிபதி ஒருவர் தன் வீட்டில் கல்யாணம் நடத்திவைத்தார். கணவன் கைவிட்ட பிறகு அவள் போய்க் கேட்டால், கல்யாணம் பதிவாகவே இல்லை. பிரதிகள் எல்லாவற்றையும் மணமகன் எடுத்துப் போய்விட்டதாக நீதிபதி சொன்னார். அதனால் சில வாரம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய், உங்கள் பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.